இளைப்பாறிய பின் ஒரு தொழில்: தேகாப்பியாச நிலையம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இளைப்பாறியவர்கள் என்ன செய்யலாம் என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். பொதுவாகப் பேசினால் புத்திமதியாக முடிந்துவிடும். புத்திமதிக்கு நமது ஊரில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆகவே ஒரே ஒரு தொழிலை எடுத்து, அதன் வரவு செலவுகளையும் வில்லங்கங்களையும் உங்கள் முன் வைக்கலாம் என்று எண்ணுகிறேன். அத்தொழில் தேகாப்பியாச நிலையம் நடத்துவது. வாலிபர்கள் 'ஜிம்' என்பார்கள். நான் சொல்லப்போவது முழுவதும் அதுவல்ல என்றாலும், அதுவும் அதற்குள் அடக்கம்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். முப்பத்தொரு வருஷம் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவன் நான். தேகாப்பியாச ஆசிரியராக இருந்து இளைப்பாறிய நண்பர் ஒருவர் சிறு நிலையம் ஒன்றை நடத்துகிறார். அதன் பேரேட்டை எழுதுபவன் நான். பயிற்சி அவருடையது, காசுக் கணக்கு என்னுடையது. என் பேச்சிலே கணக்கு வாடை சற்று அதிகமாக அடித்தால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. அரசாங்க ஊழியர் 60 வயதில் இளைப்பாற வேண்டும் என்ற விதி 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னரே 65 வரை இருக்கலாம் என்று சொல்லப்பட்டிருந்ததால், ஐந்து வருஷம் இன்னும் இருக்கிறதென்று நம்பியிருந்த பலர் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். தனியார் துறையில் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆகக் குறைந்த இளைப்பாறும் வயதை 60 ஆக்கியது. ஊழியர் சேமலாப நிதியையோ ஆண்கள் 55லும் பெண்கள் 50லும் எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில் ஒருவர் கையில் ஆயுளில் ஒருமுறை மட்டும் ஒரு பெருந்தொகை வந்து சேர்கிறது. முழங்கால் இன்னும் மடங்குகிறது, புத்தியும் தெளிவாக இருக்கிறது. இன்னும் பதினைந்து இருபது வருஷம் முன்னே கிடக்கிறது. இந்த வேளையில்தான் மருமகனோ, மகனின் சிநேகிதனோ வந்து, "மாமா, காசைச் சும்மா வங்கியில போட்டு வச்சு என்ன செய்யப் போறியள்? ஒரு ஜிம் போடுவம்" என்கிறான். அந்த வார்த்தைக்கு என்ன மறுமொழி சொல்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

உடம்பை அசைக்கச் சொல்லிக் கொடுப்பதற்குக் காசு வாங்கலாமா, அப்படி ஒரு தேவை உண்டா என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். கிணற்றில் துலா மிதித்து, தோட்டம் கொத்தி, துவிச்சக்கர வண்டியில் பத்து மைல் பள்ளிக்கூடம் போன தலைமுறை கேட்கும் நியாயமான கேள்வி இது. இன்று துலாவின் இடத்தில் மோட்டார் நிற்கிறது, சைக்கிளின் இடத்தில் மோட்டார் சைக்கிள். சந்திக் கடையில் பாண் வாங்கவும் ஸ்கூட்டியிலேயே போகிறோம்.

1953ஆம் ஆண்டில் ஜெரி மொரிஸ் என்னும் வைத்திய அறிஞர் லண்டன் மாநகரப் பஸ் ஊழியரை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். அங்கு ஓடியவை இரட்டைத் தட்டு பஸ்கள். சாரதி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ படியேறி இறங்கி டிக்கட் கொடுப்பார். ஒரே கம்பெனி, ஏறத்தாழ ஒரே வாழ்க்கை நிலை. ஆனால் மாரடைப்பு நடத்துநரைவிடச் சாரதிக்கே கூடுதலாக வந்தது. உட்கார்ந்திருப்பது இருதயத்துக்குக் கேடு என்பதை எண்களால் காட்டிய முதல் ஆராய்ச்சிகளில் இது ஒன்று. நமது பஸ்களில் மாடி இல்லாவிட்டாலும், சனநெருக்கடிக்குள் நுழைந்து முன்னும் பின்னும் போய்வரும் நடத்துநர் அதே அளவு தேகாப்பியாசம் செய்கிறார் என்பது என் எண்ணம்.

பிறகு வந்த ஆராய்ச்சிகளில் இரண்டை மாத்திரம் சொல்கிறேன், ஏனெனில் நமது வாடிக்கையாளர் யார் என்பதை அவை காட்டுகின்றன. 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில், தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடைத் தசையின் வலு சராசரியாக இரண்டு மடங்குக்கு மேலாகியது. தொண்ணூறிலும் தசை வளர மறுப்பதில்லை! மற்றையது 2002இல் வெளியாயிற்று. சலரோகம் வரும் விளிம்பில் நின்ற அமெரிக்கர் ஆயிரக்கணக்கானோரில், வாரத்துக்கு 150 நிமிஷம் நடந்து, உடல் நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைக்க முயன்றவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களைவிட அந்நோய் நூற்றுக்கு 58 பங்கு குறைவாகவே வந்தது. குளிசை சாப்பிட்டவர்களுக்குக்கூட இவ்வளவு பலன் கிட்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவும் இதை ஒட்டியதே: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான அசைவு, இரண்டு நாளாவது தசைக்குப் பாரம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் விழாமல் நிற்கப் பழகும் பயிற்சியும் வாரம் மூன்று நாள் செய்ய வேண்டும்.

இப்போது நமது ஒழுங்கையைப் பாருங்கள். எத்தனை வீட்டில் சலரோகம்? எத்தனை வீட்டில் பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாயும் தகப்பனும் தனியே? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேயே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். அதற்குப் பின் அந்த விகிதம் ஏறியதே அன்றி இறங்கவில்லை. அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிள்ளைக்கு விமானச் சீட்டு வாங்க வேண்டிய நிலை. ஆகவே இத்தொழிலின் உண்மையான வாடிக்கையாளர் புயம் பெருக்க விரும்பும் இருபது வயது வாலிபர் அல்லர். அவர் மூன்று மாதம் வருவார், கண்ணாடியில் தம்மைப் பார்த்துப் படம் எடுப்பார், பிறகு வெளிநாடு போவார், அல்லது இருநூறு ரூபா குறைந்த வேறு இடத்துக்குப் போவார். வாலிப நண்பர்கள் கோபிக்கக் கூடாது, இது பேரேடு சொல்லும் உண்மை. நின்று நிலைத்து வருஷக் கணக்காக வருபவர் ஐம்பத்தெட்டு வயது மாமி. முழங்கால் நோவு குறைந்து, கோயில் வீதியைச் சுற்றிவர முடிகிறதென்றால் அவர் உங்களை விட்டு எங்கும் போகமாட்டார். தங்கையையும் மச்சாளையும் கூட்டிக்கொண்டும் வருவார்.

இத்தொழில் ஒன்றும் நூதனமானதல்ல. வேறு வேலையிலிருந்து இதற்கு வந்தவர்களின் வரலாறு பெரிது. எனக்குப் பிடித்தவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888இல் பிறந்தவர், சமஸ்கிருதமும் சாஸ்திரமும் கற்ற பெரும் பண்டிதர். அப்படிப்பட்டவர் ஒரு காலம் ஹாசன் பகுதிக் கோப்பித் தோட்டத்தில் மேற்பார்வை உத்தியோகம் பார்த்தார். பின்பு மைசூர் மகாராசாவின் ஆதரவில் அரண்மனையில் 1933 முதல் யோகசாலை நடத்தினார். சுதந்திரத்தின் பின் சமஸ்தானத்தின் ஆதரவு நின்றது, 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 62. சபையோர் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். நமது கணக்குப்படி இளைப்பாறி இரண்டு வருஷம் ஆன மனிதர்! அவர் சென்னைக்குப் போய் ஒவ்வொருவராக மாணாக்கரைச் சேர்த்து மறுபடியும் தொடங்கினார். 1989இல் மறையும்வரை அந்நகரிலேயே இருந்தார். அரண்மனையில் வாலிபர்களுக்கு வேகமான ஆசனங்களைக் கற்பித்தவர், சென்னையில் நோயாளிகளையும் முதியோரையும் ஒவ்வொருவராக இருத்தி, அவரவர் மூச்சுக்கும் மூட்டுக்கும் தக்கபடி கற்பித்தார். வாடிக்கையாளர் மாறியபோது கற்பிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டார் என்று வியாபார பாஷையில் சொல்லலாம். பெரியவர்கள் மன்னிக்கவும். அவருடைய மகன் தேசிகாச்சார் பொறியியல் பட்டதாரி. அந்த வழியை விட்டுத் தகப்பனாரிடம் மாணவராக அமர்ந்து, 1976இல் சென்னையில் தகப்பன் பெயரால் யோக மந்திரம் அமைத்தார். படிப்புக்கும் அமைப்புக்கும் இடையே பத்து வருஷத்துக்கு மேல் சென்றது. ஆறு வாரச் சான்றிதழ் ஒன்றைச் சுவரில் மாட்டிக் கதவைத் திறக்க எண்ணுவோர் அந்தப் பத்து வருஷத்தை நினைத்துப் பார்ப்பது நல்லது.

மேல் நாட்டிலே சாண்டோ என்னும் பலவானின் கதை வேறுவிதமான பாடம். மேடையில் பாரம் தூக்கிப் புகழ்பெற்றவர் அவர். 1897இல் லண்டனில் தேகாப்பியாச நிலையம் திறந்து, ஒவ்வொருவரின் உடலையும் அளந்து குறித்து, அவரவர்க்கென்று பயிற்சி எழுதிக் கொடுத்தார். தபாலிலும் பாடம் அனுப்பினார். பணம் வந்தது, புகழ் வந்தது, அரசரின் ஆசிரியர் என்ற பட்டமும் வந்தது. பின்பு தம் பெயரால் கொக்கோப் பானம் விற்கும் கம்பெனி தொடங்கினார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் கம்பெனி முறிந்தது. பயிற்சி தேடிக் கொடுத்ததைப் பானம் கொண்டுபோயிற்று. இன்று நமது ஊர் நிலையங்களிலும் கண்ணாடி அலுமாரியில் புரதமா டப்பாக்கள் அடுக்கியிருக்கக் காண்கிறேன். டப்பாவில் இலாபம் கூடுதல் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். கடனுக்குத் தருவதாகவும் சொல்வார். டப்பாவுக்குக் காலாவதித் திகதி உண்டு, மாமியின் நாற்காலிப் பயிற்சிக்கு அது இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே சொல்லும் எண்கள் உதாரணத்துக்காக நான் இட்டவை. அவரவர் ஊர் வாடகைக்கும் வட்டிக்கும் தக்கபடி மாற்றிக்கொள்க. வழிதான் முக்கியம்.

ஒருவர் 20 இலட்சம் ரூபா முதல் போடுகிறார் என்று வைப்போம். இயந்திரங்களுக்கு 15 இலட்சம், மண்டபத்தைத் திருத்தி வர்ணம் பூசிக் கண்ணாடி பதிக்க 3 இலட்சம், முற்பணம் 2 இலட்சம். மாத வாடகை 30,000. மின்சாரமும் தண்ணீரும் 15,000. அரை நாள் உதவியாளருக்கு 25,000. சில்லறைச் செலவு 5,000. ஆக 75,000. ஆளுக்கு மாதம் 2,500 என்றால் முப்பது பேர் வந்தால் போதும் என்று மருமகன் சொல்வார். அவர் எழுதாமல் விட்ட இரண்டு வரிகள் உண்டு. இயந்திரம் ஐந்து வருஷத்தில் பழைய இரும்பாகும். 15 இலட்சத்தை அறுபது மாதத்தால் பிரித்தால் மாதம் 25,000. மண்டபத் திருத்தம் அதேபோல் 5,000. அடுத்தது, அந்த 20 இலட்சமும் நிலையான வைப்பில் நூற்றுக்கு எட்டு வட்டிக்குக் கிடந்திருந்தால் மாதம் 13,333 வந்திருக்கும். இப்போது வராது. எல்லாம் சேர்த்தால் 118,333. முப்பது பேர் அல்ல, 48 பேர் வந்தாற்றான் நட்டமில்லாத நிலை. அந்த நிலையில் விடியப்புறம் நாலரைக்கு எழும்பிக் கதவு திறப்பவருக்குச் சம்பளம் பூச்சியம். அவருக்கு 50,000 ரூபாவாவது வேண்டும் என்றால் 68 பேர் வேண்டும்.

இதோடு கணக்கு முடிந்ததா என்றால், இல்லை. மாதா மாதம் பத்தில் ஒருவர் நின்றுவிடுகிறார் என்று கொள்ளுங்கள். 68 பேரை 68 ஆகவே வைத்திருக்க ஒவ்வொரு மாதமும் ஏழு புதியவர் வேண்டும். வருஷத்துக்கு எண்பதுக்கு மேற்பட்ட புது முகங்கள். நமது ஊரில் அவ்வளவு முகங்கள் உண்டா? இரண்டு வருஷம் கழித்தும் உண்டா? முதல் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வீட்டு உறுதியை வங்கியில் வைத்தோ, மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்தோ இதில் இறங்குவோர் இந்தக் கேள்வியைத் தம் மனைவியின் முன்னிலையில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இதே தொழிலை வேறுவிதமாகத் தொடங்கலாம். சனசமூக நிலைய மண்டபம் காலையிலே சும்மாதான் கிடக்கிறது. ரியூசன் நடத்தும் கொட்டில் மத்தியானம் வரை வெறுமை. மணிக்கணக்கில் வாடகை பேசி மாதம் 12,000 கொடுப்போம். பெண்கள் வகுப்புக்கு ஓர் ஆசிரியைக்கு 20,000. சில்லறை 3,000. பாய், கைப்பாரம், இழுவைப் பட்டி, உறுதியான நாற்காலி எல்லாம் ஒன்றரை இலட்சத்துக்குள் அடங்கும் என்று வைத்து மூன்று வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 4,167. வட்டி இழப்பு 1,000. ஆக 40,167. கட்டணம் 2,000 என்றாலும் 21 பேரில் நட்டம் நீங்கும். 50,000 ரூபாச் சம்பளமும் எடுக்க 46 பேர் போதும். எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு, தொழில் சரிவராவிட்டால் போவது ஒன்றரை இலட்சம், மற்றதில் போவது இருபது இலட்சம். ஒன்றரை இலட்சம் போனாலும் குடும்பம் தாங்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சோதனையும் நடந்தது. 2020 மார்ச் 20ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. தேகாப்பியாச நிலையங்கள் மூடப்பட்டன. மண்டபத்தை மாத வாடகைக்கு எடுத்தவர் தலையில் பூட்டிய கதவுக்கும் வாடகை ஏறிற்று, மணிக்கணக்கில் எடுத்தவருக்கு அந்தப் பாரம் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐ எட்டியபோது, வெளிநாட்டு இயந்திரத்தின் விலையும் உதிரிப்பாகத்தின் விலையும் எங்கே போயின என்று சொல்ல வேண்டியதில்லை. அவ்வருஷம் ஓகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரி நூற்றுக்கு 75 ஏறியது, மறுவருஷம் பெப்ரவரியில் 66 ஏறியது. ரெட்மில் மின்சாரத்தில் ஓடுவது, கோயில் வெளிவீதி மின்சாரமில்லாமலே கிடைப்பது.

சட்ட விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்தல், பிரதேச சபையிலோ நகர சபையிலோ அனுமதி பெறல், வருமானக் கணக்கு. இவற்றைக் கேட்டுச் செய்யலாம், பெரிய சங்கடமில்லை. ஒன்றை மாத்திரம் மறக்க வேண்டாம்: ஓர் ஆளையேனும் சம்பளத்துக்கு வைத்தால் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12, நம்பிக்கை நிதிக்கு 3 கட்ட வேண்டும். தாமே சேமலாப நிதி வாங்கிக்கொண்டு வந்த மனிதர், தமது உதவியாளருக்கு அதைக் கட்டாமல் விடுவது அழகல்ல.

நான் அதிகம் அஞ்சுவது பணத்துக்கல்ல, உயிருக்கு. அறுபது வயதானவர்களை அசைக்கப் போகிறோம். ஆதலால் முதல் நாளிலேயே, எவ்வளவு நெருங்கியவரானாலும், சில கேள்விகளை எழுத்திலே கேட்டு வாங்க வேண்டும். நெஞ்சு நோவு உண்டா? தலைசுற்றி விழுந்ததுண்டா? என்ன மருந்து எடுக்கிறார்? அண்மையில் சத்திர சிகிச்சை நடந்ததா? ஒன்றுக்கேனும் ஆம் என்றால் வைத்தியரின் கடிதம் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி மாத்திரமே. என் நண்பர் இதில் இரும்பு மனிதர். "மாஸ்ரர், நான் நேற்றும் தோட்டத்தில மண்வெட்டி பிடிச்சனான், எனக்கேன் துண்டு?" என்று ஒருவர் கேட்டார். "ஐயா, மண்வெட்டி பிடிக்கேக்க நான் பொறுப்பில்லை. இஞ்சை நான் பொறுப்பு. துண்டைக் கொண்டு வாங்கோ" என்றார் நண்பர். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துத் துண்டோடு வந்தார்.

இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும் சில வகைச் சலரோகக் குளிசை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சீனி சடுதியாக இறங்கலாம். வியர்த்துக் கை நடுங்கினால் உடனே கொடுக்கக் குளுக்கோசோ சீனித் தண்ணீரோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர்கள் வெறுங்காலோடு பயிற்சி செய்யலாகாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தியதும் தெரியாது, புண் ஆனதும் தெரியாது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு முன் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் படையிலோ முதலுதவி பழகி, நின்றுபோன இருதயத்தை அமுக்கி உயிர் தரும் முறையை நிலையத்தில் உள்ள எல்லாரும் கற்றிருக்க வேண்டும். அம்புலன்ஸ் வந்து சேரும்வரை அங்கே இருப்பது நம்முடைய இரண்டு கைகள்தாம்.

அத்துடன், நாம் வைத்தியர் அல்லர். 'சலரோகத்தை மாற்றித் தருவோம்', 'முதுகு நோவுக்குச் சிகிச்சை' என்று பலகை எழுதினால் கூட்டம் வரும் என்பது உண்மை. வந்தவர் ஒருவர் உங்களை நம்பிக் குளிசையை நிறுத்தினால் என்னாகும்? முறையான உடற்பயிற்சி வைத்தியம் படித்தவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். அவர்களுடைய எல்லைக்குள் நாம் கால் வைக்கலாகாது. அவர்கள் அனுப்பிவைக்கும் ஆட்களை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு நாணயம் தேடிக்கொண்டால் அதுவே பெரிய விளம்பரம்.

இனி, வெளியூர்ப் புத்தகங்களில் எழுதாத சங்கடம் ஒன்று. அது உறவு. "அண்ணை, நாங்கள் உங்கடை ஆக்கள்தானே, எங்களிட்டையும் காசோ?" என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வரும். இந்த ஊரில் யார்தான் நம்முடைய ஆக்கள் அல்லர்? சித்தப்பாவுக்கு இலவசம் என்றால் சித்தப்பாவின் சம்பந்திக்கும் இலவசம். நாங்கள் கண்ட வழி இது: கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே, பலகையில் எழுதியிருக்கும். உண்மையில் கொடுக்க முடியாதவருக்குச் சலுகை உண்டு, அது பலகையில் இராது, பேரேட்டில் மட்டும் 'சலுகை' என்று ஒரு பத்தியில் இருக்கும். எவருக்குக் கொடுக்கிறோம் என்பது எங்கள் இருவருக்கு மாத்திரம் தெரியும். வருஷ முடிவில் அந்தப் பத்தியைக் கூட்டிப் பார்த்தால் தருமம் எவ்வளவு, முகத்தாட்சணியம் எவ்வளவு என்று தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது தொகையை ஆண்டுக்காண்டு குறைத்து வருகிறோம்.

பஞ்சாங்கத்தையும் கவனிக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் மாலை வகுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதகாரருக்குப் பாரப் பயிற்சி கொடுப்பது தவறு, நீட்டி மடக்கி மூச்சுப் பயிற்சியோடு விட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் விடியற்காலை வகுப்பு ஈரமாகும். திருவெம்பாவைக் காலத்தில் விடியவே கோயில் மணி கேட்கும், அதோடு போட்டி போட முடியாது. ஆகவே வருஷத்தைப் பன்னிரண்டு மாத வருமானமாக எண்ணாமல் பத்து மாதமாக எண்ணிச் செலவைத் திட்டமிடுவதே விவேகம். பெண்களுக்கு ஏற்ற வேளை காலை ஒன்பது மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், சமையலுக்கு முன் கிடைக்கும் ஒரு மணித்தியாலம் அது. கற்பிப்பது பெண்ணாக இருக்க வேண்டும், யன்னலுக்குத் திரை இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் 'பெண்களுக்கும் இடமுண்டு' என்று பலகை போடுவதில் அர்த்தமில்லை. எங்கள் நிலையத்தில் நட்டமே காணாத வகுப்பு அந்த ஒன்பது மணி வகுப்புத்தான்.

வாலிப நண்பர்களே, இது கிழவர்கள் விஷயம் என்று நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. உங்களுக்கும் இதில் இடமுண்டு. தேகாப்பியாச விஞ்ஞானம் முறையாகப் படித்து, தேசிய தொழிற் தகைமையோ பல்கலைக்கழகத் தகைமையோ பெற்ற இளைஞர்கள் நம்மிடையே குறைவு. இளைப்பாறியவரிடம் முதலும் பொறுமையும் ஊராரின் நம்பிக்கையும் இருக்கின்றன. உங்களிடம் படிப்பும் உடல் வலுவும் உண்டு. கைத்தொலைபேசியில் வகுப்பு நடத்தும் வித்தையும் உங்களுக்கே தெரியும். வெளிநாட்டிலுள்ள மகளொருத்தி தாயின் கட்டணத்தை அங்கிருந்து அனுப்பி, வாரம் ஒருமுறை "அம்மா எத்தனை தரம் நாற்காலியில இருந்து கையூன்றாமல் எழும்பினவ?" என்று கேட்டு எழுதுகிறாள். அந்த எண்ணைக் குறித்து அனுப்புபவன் எங்கள் நிலையத்து இருபத்துநாலு வயதுப் பையன். கூட்டுச் சேர்வதானால் இலாபப் பங்கையும், பிரியும்போது எவருக்கு எது என்பதையும் முதல் நாளிலேயே எழுதிக் கையொப்பம் இடுங்கள். மாமன் மருமகன் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கூட்டத்துக்கு முன் ஒருவர் என்னைத் தனியே கேட்டார். அவர் இங்கே இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன். ஓய்வூதியம் கைக்கு வர இன்னும் எட்டு மாதம் உண்டாம். அந்த எட்டு மாதத்தில் ஒரு சதமும் முதல் போட வேண்டாம். முதலுதவி பழகுங்கள், ஒரு முறையான பயிற்சி நெறியில் சேருங்கள். சனி ஞாயிறு காலையில் சனசமூக நிலைய முற்றத்தில் பத்துப் பேரைச் சேர்த்து இலவசமாகப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்பதை ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதுங்கள். நாலாவது மாதம் இருநூறு ரூபா கேளுங்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கொப்பியோடு என்னிடம் வாருங்கள், வாடகையும் வட்டியும் போட்டுக் கணக்குப் பார்த்துத் தருவேன், கட்டணமில்லை.

செயலாளர் மணியைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் பெரியவர்கள் முதலில் கேட்கலாம்.